புற்றுநோய் ஆராய்ச்சியும் தலைப்புச் செய்தியில் அடங்காத உண்மையும்

"புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு பத்திரிகை வாசகர்களுக்குப் புதியதல்ல. வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்று அனுப்பிவைக்கும் பத்து வரிச் செய்தியைத் தமிழாக்கி, அதன் மேல் இத்தகையதொரு தலைப்பை இட்டு உட்பக்கமொன்றில் பிரசுரிப்பது செய்தி மேசைகளின் நெடுங்கால வழக்கம். மறுநாள் காலையில் பத்திரிகை அலுவலகத்தின் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். அந்த மருந்து கொழும்பில் எந்த மருந்துக் கடையில் கிடைக்கும், மஹரகம வைத்தியசாலையில் அதைக் கொடுக்கிறார்களா, இந்தியாவிலிருந்து தருவிக்கலாமா என்று கேட்பார்கள். அழைப்பவர் பெரும்பாலும் ஒரு நோயாளியின் மனைவியாகவோ, மகனாகவோ இருப்பார். செய்தியில் கூறப்பட்ட மருந்து இன்னமும் ஆய்வுகூடத்து எலிகளைத் தாண்டியிருக்காது. அதை அவர்களிடம் கூறுவது எளிதான காரியமல்ல என்பது செய்தி மேசையில் அமர்ந்து பழகிய எவருக்கும் தெரியும்.

இத்தகைய செய்திகள் யாவும் பொய் என்பது எனது வாதமல்ல. அவற்றில் பல உண்மையான ஆராய்ச்சிகளைப் பற்றியவைதான். ஆனால், அவை பயணத்தின் முடிவை மாத்திரம் காட்டிவிட்டுப் பாதையை மறைத்துவிடுகின்றன. மருந்து என்பது ஒரு நாள் காலையில் யாரோ ஒரு விஞ்ஞானிக்குத் திடீரெனக் கிடைக்கும் புதையல் என்று வாசகர் நம்பத் தொடங்குகிறார். வாசகர் நம்புவதை அரசியல்வாதியும் நம்புகிறார். இறுதியில், புதையல் தோண்டுவதற்கு மாத்திரம் பணம் ஒதுக்கினால் போதும், நிலத்தைப் படிப்பதற்கு எதற்குப் பணம் என்று கேட்கும் நிலை உருவாகிறது. இன்று உலகின் மிகப்பெரிய விஞ்ஞான வல்லரசிலேயே அந்தக் கேள்வி கேட்கப்படுகின்றது. அதனால்தான், தலைப்புச் செய்திகளில் அதிகம் இடம்பிடிக்காத ஒரு விஞ்ஞானியின் பணியை இங்கு சற்று விரிவாக நோக்க விரும்புகிறேன்.

அவரது பெயர் ஜோன் குரியன். இந்தியாவில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்கத் தொடங்கி, பின்னர் அமெரிக்கா சென்று பென்சில்வேனியாவிலுள்ள ஜுனியாட்டா கல்லூரியில் 1981 இல் பட்டம் பெற்றவர். மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 1986 இல் கலாநிதிப் பட்டத்தைப் பெற்று, மறுவருடம் நியூயோர்க்கிலுள்ள ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். 2001 இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2015 இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிவுசெய்தது. மூலக்கூற்று உயிரியலாளரான அவர் நோயாளிகளைப் பார்ப்பவரல்ல. மருந்து தயாரிக்கும் கம்பனியின் ஊழியருமல்ல. புரதங்களின் வடிவத்தை அறிவதே அவரது தொழில்.

புரதத்தின் வடிவத்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

எமது உடலிலுள்ள ஒவ்வொரு கலமும், அதாவது ஒவ்வோர் உயிரணுவும், தன்னிச்சையாகப் பெருகுவதில்லை. வெளியிலிருந்து 'வளரலாம்', 'பிரியலாம்' என்ற கட்டளை வரவேண்டும். அக்கட்டளை கலத்தின் மேற்பரப்பிலிருந்து உட்கருவரை புரதத்துக்குப் புரதம் கைமாற்றப்பட்டுச் செல்கின்றது. விஞ்ஞானிகள் இதையே சமிக்ஞைத் தொடர் என்கின்றனர். இத்தொடரில் கினேஸ் எனப்படும் நொதியங்களுக்கு முக்கிய பங்குண்டு. ஒரு புரதத்தின் மீது பொஸ்பேற்றுத் துண்டொன்றை ஒட்டிவிடுவதே கினேஸின் வேலை. கிராம அலுவலர் விண்ணப்பத்தில் முத்திரை குத்திய பின்னரே பிரதேச செயலகம் அதைக் கையேற்பது போல, அந்தப் பொஸ்பேற்று ஒட்டப்பட்ட பின்னரே அடுத்த புரதம் செயலில் இறங்குகின்றது. மனித உடலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கினேஸ்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று யாருடைய கட்டளையுமின்றி ஓயாது முத்திரை குத்தத் தொடங்கினால், கலம் ஓயாது பெருகும். புற்றுநோய்களில் பல இவ்வாறே தோன்றுகின்றன.

இந்த உண்மையை உலகம் அறிந்துகொண்ட விதமே ஒரு தனிக்கதை. 1911 இல் பேய்ட்டன் ரவுஸ் என்ற ஆய்வாளர், கோழியொன்றின் கட்டியை அரைத்து வடிகட்டி எடுத்த திரவத்தை மற்றொரு கோழிக்குச் செலுத்தினால் அதற்கும் கட்டி உண்டாவதைக் காட்டினார். கோழிக்கு வரும் கட்டியை ஆராய்வதால் மனிதருக்கு என்ன பயன் என்று அன்று பலர் அலட்சியம் செய்தனர். அவருக்கு நொபெல் பரிசு கிடைத்தது 1966 இல், அதாவது 55 ஆண்டுகள் கழித்து. அக்கோழி வைரஸ் சுமந்துவந்த புற்றுநோய் மரபணு உண்மையில் வைரஸுக்குச் சொந்தமானதல்ல, ஆரோக்கியமான கலங்களிலுள்ள மரபணுவொன்றின் திரிந்த பிரதியே என்று பிஷப், வார்மஸ் ஆகியோர் 1976 இல் நிரூபித்தனர். 'சார்க்' என்று உச்சரிக்கப்படும் அந்த மரபணு உருவாக்குவது ஒரு கினேஸைத்தான். எமது பிராந்திய நாடுகளின் அமைப்புக்கும் அதற்கும் பெயரொற்றுமையைத் தவிர வேறு தொடர்பில்லை! இத்தகைய கினேஸ்கள் தைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மீதே பொஸ்பேற்றை ஒட்டுகின்றன என்பதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்பை 1979 இல் ரோனி ஹண்டர் நிகழ்த்தினார். அவர் பயன்படுத்திய கரைசல் பழையதாக இருந்தமையால் அதன் அமிலத்தன்மை சற்று மாறியிருந்தது. புதிய கரைசலில் ஒன்றாகக் கலந்து தெரிந்திருக்க வேண்டிய இரு பொருட்கள் அதனாலேயே பிரிந்து தெரிந்தன.

இதற்குச் சமாந்தரமாக இன்னொரு பாதையும் நீண்டுகொண்டிருந்தது. நாட்பட்ட மைலோயிட் வெண்குருதிப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் கலங்களில் வழமைக்கு மாறான குறுகிய நிறமூர்த்தமொன்று காணப்படுவதை 1960 இல் பிலடெல்பியா நகரில் நொவெல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் அவதானித்தனர். 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்கள் தமது துண்டுகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டதன் விளைவே அது என்பதை 1973 இல் சிக்காகோவைச் சேர்ந்த ஜனற் ரௌலி அம்மையார் கண்டறிந்தார். அவ்வாறு துண்டுகள் இடம்மாறும்போது 'ஏபல்' என்ற கினேஸின் மரபணு, 'பிசிஆர்' என்ற வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்கின்றது. அதிலிருந்து பிறக்கும் கலப்புப் புரதம் ஓய்வறியாத கினேஸாக மாறி, வெண்குருதிக் கலங்களைப் பெருக்கித் தள்ளுகின்றது. ஒரே புரதம், ஒரே நோய். அப்புரதத்தின் வாயை அடைத்தால் நோயை அடக்கலாம் என்பது தெளிவாயிற்று.

அதைச் செய்த மருந்துதான் இமாட்டினிப். சுவிற்சர்லாந்தின் சீபா கெய்கி கம்பனியில் நிக்கலஸ் லைடன், ஜூர்க் சிம்மர்மன் முதலியோர் உருவாக்கிய அம்மருந்தை, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து மருத்துவர் பிரையன் ட்ரூக்கர் 1998 இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கத் தொடங்கினார். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 நோயாளிகளில் 53 பேரின் குருதிக் கணக்கு வழமைக்குத் திரும்பியது. 2001 மே 10 ஆம் திகதி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதற்கு அனுமதி வழங்கியது. அதே மாதத்தில் 'டைம்' சஞ்சிகை அம்மாத்திரைகளைப் புற்றுநோய்க்கு எதிரான துப்பாக்கி ரவைகளாக வர்ணித்துத் தனது அட்டைப்படத்தில் பிரசுரித்தது. உலகெங்கும் பத்திரிகைகள் 'மந்திர மருந்து' என்று எழுதின. அதில் ஓரளவு நியாயமும் இருந்தது. முதலிலிருந்தே இமாட்டினிப் பெற்றவர்களில் பத்து ஆண்டுகளின் பின்னரும் உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழ 83 வீதத்தினர் என்று 2017 இல் வெளியான பெறுபேறுகள் காட்டின. முன்னர் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய் அது.

தலைப்புச் செய்தி இத்துடன் முடிந்தது. ஆனால், ஆராய்ச்சியில் மிக முக்கியமான கேள்விகள் இதன் பின்னரே எழுந்தன. குரியனின் பணி அங்குதான் முக்கியத்துவம் பெறுகின்றது.

புரதத்தை நுணுக்குக்காட்டியால் பார்த்து அதன் அணுக்களை எண்ணிவிட முடியாது. அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, உப்பைப் போன்று பளிங்காக உறையவைத்து, அப்பளிங்கின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்ச வேண்டும். சிதறும் கதிர்கள் பதிக்கும் புள்ளிகளிலிருந்து கணித முறையால் அணுக்களின் இருப்பிடத்தைக் கணித்தறிவர். பல புரதங்கள் பளிங்காக மறுத்துவிடும். ஒரு பளிங்குக்காக ஆய்வு மாணவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதுமுண்டு. குரியனின் குழுவினர் 1997 இல், சார்க் குடும்பத்தைச் சேர்ந்த 'எச்சிகே' என்ற கினேஸின் வடிவத்தை இவ்வாறு கண்டறிந்து வெளியிட்டனர். அதே வேளையில் ஹாவர்டில் ஸ்ரீபன் ஹரிசன் தலைமையிலான குழு சார்க் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டது. இரண்டும் ஒரே செய்தியைக் கூறின. கினேஸின் பின்புறத்தில் அதன் சொந்த உறுப்புகளே அதை அழுத்திப் பிடித்து உறங்கவைத்திருக்கின்றன. அந்தப் பிடி தளரும்போதே அது விழிக்கின்றது. அதாவது, கினேஸ் என்பது எப்போதும் ஒரே வடிவில் நிற்கும் சிலையல்ல. உறக்கம், விழிப்பு என இருவேறு நிலைகளைக் கொண்ட இயந்திரம்.

2000 ஆம் ஆண்டில், இமாட்டினிப்பின் நெருங்கிய உறவு மூலக்கூறொன்று ஏபல் கினேஸின் உள்ளே அமர்ந்திருக்கும் காட்சியைக் குரியனின் குழுவினர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்டனர். பலர் எதிர்பாராத உண்மையொன்று அதில் புலப்பட்டது. மருந்து, விழித்து வேலைசெய்யும் கினேஸைப் பிடிக்கவில்லை. அது உறங்கும் நிலையிலுள்ள கினேஸுக்குள் நுழைந்து, மீண்டும் விழிக்கவிடாமல் தடுக்கின்றது. விழித்திருக்கும்போது எல்லாக் கினேஸ்களும் ஏறக்குறைய ஒரே முகத்தைக் காட்டுகின்றன. ஏனெனில் அவை யாவும் ஒரே வேலையைச் செய்ய வேண்டியவை. உறங்கும்போதோ ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகச் சுருண்டு கிடக்கின்றன. ஐந்நூறுக்கு மேற்பட்ட கினேஸ்களுள் மிகச் சிலவற்றை மாத்திரம் இம்மருந்து தாக்கி, ஏனையவற்றை விட்டுவிடுவதற்கான காரணம் இதிலிருந்து பெருமளவு விளங்கியது. பூட்டுக்கேற்ற திறப்பு என்ற பழைய உவமை இங்கு போதாது. பூட்டு எந்த நிலையில் இருக்கும்போது திறப்பு நுழைகின்றது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இது வெறும் விளக்கம்தானே, மருந்து ஏற்கனவே நோயாளிகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டதே என்று ஒருவர் வாதிடலாம். அதற்கான பதில் ஒரு வருடத்துக்குள்ளேயே வந்தது. மருந்து அனுமதி பெற்ற அதே 2001 இல், நோய் முற்றிய கட்டத்திலிருந்த சிலருக்கு மருந்து முதலில் பலனளித்துப் பின்னர் பலனற்றுப் போவதை லொஸ் ஏஞ்சலிஸில் சார்ள்ஸ் சோயர்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழு ஆராய்ந்தது. ஒன்பது நோயாளிகளுள் ஆறு பேரிடம் ஏபல் புரதத்தின் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியிருந்தது. 315 ஆவது இடத்திலிருந்த திரையோனின் போய், ஐசோலியூசின் வந்திருந்தது. அந்த இடம் ஏன் முக்கியமானது என்பதைக் குரியனின் வடிவம் முன்கூட்டியே காட்டியிருந்தது. மருந்து பற்றிக்கொள்ளும் இன்றியமையாத பிடிகளில் ஒன்று அந்தத் திரையோனின்தான். அதற்குப் பதிலாக வந்த ஐசோலியூசினில் அந்தப் பிடியும் இல்லை. அது பருத்து நின்று வழியையும் மறித்தது. ஆராய்ச்சியாளர்கள் அந்த இடத்துக்கு 'வாயிற்காப்போன்' என்றே பெயரிட்டிருக்கின்றனர்.

வடிவம் தெரிந்திருந்தமையால் தோல்விக்குக் காரணம் தேடி இருட்டில் தடவவேண்டி வரவில்லை. சோயர்ஸும் குரியனும் இணைந்து நோயாளிகளிடம் தோன்றிய மாற்றங்களை அந்த வடிவத்தின் மீது ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தனர். அவற்றுள் பல மருந்து தொடும் இடத்திலேயே இருக்கவில்லை. புரதம் உறக்கநிலைக்குத் திரும்புவதைக் கடினமாக்கும் இடங்களில் இருந்தன. அப்படியானால், உறக்கநிலையை மாத்திரம் சார்ந்திராத மருந்தொன்று இந்த மாற்றங்களில் பலவற்றைச் சமாளிக்கும். 2006 இல் அனுமதிபெற்ற டசாட்டினிப் அவ்வாறான மருந்தே. ஆயினும் அந்த வாயிற்காப்போன் மாற்றத்தை அதனாலும் வெல்ல முடியவில்லை. அதற்கு 2012 இல் பொனாட்டினிப் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மந்திர மருந்து என்று எட்டுக்கலத் தலைப்பிட்ட பத்திரிகைகளில் எத்தனை இந்த எதிர்ப்புக் கதையைப் பின்னர் வாசகருக்குச் சொல்லின என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இக்கதையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனித்தான் வருகின்றது. ஏபல் புரதத்தின் இயல்பான வடிவத்தை உறங்கவைப்பது எது என்ற கேள்வியைக் குரியனின் குழுவும், ஜேர்மனியில் ஆராய்ச்சி செய்த ஜூலியோ சுப்பெர்த்தி ஃபுர்காவின் குழுவும் இணைந்து ஆராய்ந்தன. 2003 இல் 'செல்' சஞ்சிகையில் விடை வெளியானது. ஏபல் புரதத்தின் ஒரு முனையில் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்புச் சங்கிலியொன்று தொங்குகின்றது. சாதிக்காயின் தாவரவியற் பெயரிலிருந்து தன் பெயரைப் பெற்ற அந்த அமிலம் எமது தேங்காயெண்ணெயிலும் உண்டு. அந்தக் கொழுப்புவால் வளைந்து வந்து, கினேஸின் அடிப்பகுதியிலுள்ள ஒரு குழிக்குள் செருகிக்கொள்ளும்போது, கதவுக்குத் தாழ்ப்பாள் இட்டது போல் புரதம் அடங்கிவிடுகின்றது. வெண்குருதிப் புற்றுநோயில் ஏபல் புரதம் பிசிஆருடன் ஒட்டிக்கொள்ளும்போது துண்டிக்கப்பட்டுப் போவது அந்த முனைதான். தாழ்ப்பாள் போய்விட்டது, ஆனால் தாழ்ப்பாள் செருகும் குழி அப்படியே இருக்கின்றது.

அந்த வெற்றுக்குழிக்குள் வேறொரு பொருளைச் செருகினால் என்ன? 2021 ஒக்டோபரில் அமெரிக்காவில் அனுமதிபெற்ற அசிமினிப் என்ற மருந்து அதைத்தான் செய்கின்றது. இமாட்டினிப் அமரும் இடத்துக்கு அது செல்வதேயில்லை. ஆகவே வாயிற்காப்போன் மாறியிருந்தாலும் கூடிய அளவில் கொடுக்கும்போது அது வேலை செய்கின்றது. 2024 ஒக்டோபரில், புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களுக்கும் அதை வழங்க அனுமதி கிடைத்தது. இம்மருந்துக்கும் எதிர்ப்பு தோன்றத்தான் செய்கின்றது. ஆனால், முற்றிலும் வேறொரு வாசலால் உள்ளே செல்லும் மருந்தொன்று வைத்தியரின் கையில் இருப்பது, பிற மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு வாழ்வின் நீட்சியாகும்.

குழி கண்டறியப்பட்டது 2003 இல். மருந்து வந்தது 2021 இல். இடையில் 18 ஆண்டுகள். ரவுஸின் கோழியிலிருந்து கணக்கிட்டால் 110 ஆண்டுகள். 1997 இல் எச்சிகே பளிங்குக்காகக் காத்திருந்த ஆய்வு மாணவரிடம் 'இதனால் எந்த நோயாளிக்கு என்ன பயன்?' என்று நிதி வழங்குவோர் கேட்டிருந்தால், நேர்மையான பதில் 'தெரியாது' என்பதாகவே இருந்திருக்கும். அந்தத் 'தெரியாது' என்ற பதிலுக்குப் பொறுமையோடு பணம் கொடுத்த சமூகமே இன்று மாத்திரைகளைப் பெற்றிருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவில் இன்று கினேஸ்களைத் தடுக்கும் மருந்துகள் 80 இற்கு மேற்பட்டவை அனுமதி பெற்றுள்ளன. நுரையீரல், சிறுநீரகம், தைரொயிட் எனப் பல உறுப்புகளின் புற்றுநோய்களுக்கு அவை வழங்கப்படுகின்றன.

அதே ஐக்கிய அமெரிக்காவில்தான் 2025 இல் தேசிய சுகாதார நிறுவகங்கள் வழங்கிவந்த ஆய்வு மானியங்களில் பல திடீரென நிறுத்தப்பட்டன. அடுத்த வருட வரவு செலவுத் திட்ட யோசனையில் அந்நிறுவகங்களின் நிதியை ஏறத்தாழ 40 வீதத்தால் குறைக்குமாறு அரசாங்கம் முன்மொழிந்தது. வீண் செலவைக் குறைப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. எந்த ஆராய்ச்சி வீண், எது பயனுள்ளது என்று முன்கூட்டியே அறிந்துகொள்ள வழியிருந்தால் இந்த வாதத்தை ஏற்றுக்கொள்ளலாம். கோழிக்கட்டி, குறுகிய நிறமூர்த்தம், பழைய கரைசல், கொழுப்புவால் ஆகியவற்றுள் எதை வீண் என்று ஒதுக்கியிருந்தாலும் இச்சங்கிலி அறுந்திருக்கும். ஓர் ஆய்வுகூடத்தை மூடுவதற்கு ஒரு கடிதம் போதும். அங்கு பயின்ற கைகளை மீண்டும் ஒன்றுசேர்க்க ஒரு தலைமுறை தேவைப்படும்.

இந்தக் கதையின் இன்னொரு சிறப்பு, அறிவு பொதுவில் வைக்கப்பட்டமை. புரதங்களின் வடிவங்களைச் சேகரித்து எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ள வைக்கும் தரவுக் களஞ்சியம் 1971 இல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வெறும் ஏழு வடிவங்களுடன் ஆரம்பிக்கப்பட்டது. இன்று அதில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை உள்ளன. குரியனின் ஏபல் வடிவமும் அங்கு இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலோ, மதுரையிலோ, ரொறொன்ரோவிலோ உள்ள ஒரு பாடசாலை மாணவி விரும்பினால் அதை இறக்கித் திரையில் சுழற்றிப் பார்க்கலாம். புரத வடிவங்களைக் கணினியால் எதிர்வுகூறியமைக்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கு 2024 இல் இரசாயனவியல் நொபெல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்தக் கணினி கற்றுக்கொண்டது, பலர் அரை நூற்றாண்டாக உழைத்துப் பொதுக்களஞ்சியத்தில் இட்ட வடிவங்களிலிருந்தே. கணினி வந்துவிட்டது, இனிப் பளிங்கு எதற்கு என்போரும் உள்ளனர். கணினி பெரும்பாலும் ஒரு புரதத்தின் ஒரு நிலையையே காட்டுகின்றது. ஏபல் கதை முழுவதும் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறுவதைப் பற்றியது. அந்த வேலை இன்னும் முடிந்துவிடவில்லை.

அறிவு பொதுவாக இருந்தாலும் மருந்து பொதுவாக இருப்பதில்லை என்பதையும் இங்கு கூறாமல் விட முடியாது. இமாட்டினிப்பின் குறிப்பிட்டதொரு பளிங்கு வடிவத்துக்கு நொவார்ட்டிஸ் கம்பனி கோரிய காப்புரிமையைச் சென்னையிலுள்ள காப்புரிமை அலுவலகம் 2006 இல் நிராகரித்தது. வழக்கு பல படிகளைக் கடந்து, 2013 ஏப்ரல் 1 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தில் கம்பனிக்கு எதிரான தீர்ப்போடு முடிந்தது. அவ்வேளையில் கம்பனியின் மருந்துக்கு மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவும், இந்தியக் கம்பனிகள் தயாரித்த அதே மருந்துக்கு 8,000 முதல் 10,000 ரூபா வரையும் செலவாவதாகச் செய்திகள் தெரிவித்தன. பெருந்தொகையான நோயாளிகளுக்கு மருந்தை இலவசமாகவே வழங்குவதாகக் கம்பனி கூறியது. அது உண்மையாயினும், உயிர் காக்கும் மருந்தை ஒரு கம்பனியின் தாராள மனத்தில் தங்கியிருக்கச் செய்வது நியாயமான ஏற்பாடல்ல. 2015 இல் உலக சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. மருந்தைத் தயாரித்த கம்பனிக்கு அதன் உழைப்புக்கான ஊதியம் கிடைக்கத்தான் வேண்டும். ஆனால், அந்த மருந்து நின்ற அத்திவாரத்தில் பெரும்பகுதியை இட்டது பொதுமக்களின் வரிப்பணம் என்பது விலை பேசப்படும்போது நினைவில் இருக்க வேண்டும்.

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் ஒன்றைக் கூறலாம். பிள்ளை மருத்துவராக வேண்டும், பொறியியலாளராக வேண்டும் என்ற எமது விருப்பத்தில் தவறில்லை. ஆனால், பௌதிகத்திலோ இரசாயனவியலிலோ ஆய்வு செய்யப்போகிறேன் என்று பிள்ளை கூறும்போது 'அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று கேட்கும் வீடுகள் யாழ்ப்பாணத்திலும் உண்டு, இலண்டனிலும் உண்டு. மருத்துவர் ஒருவர் தமது கையால் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டுக்குப் பின்னால், அந்தக் கேள்விக்கு உடனடி விடை இல்லாமலே படித்த பலர் இருக்கிறார்கள்.

பத்திரிகையாளரின் கடமையும் இதிலிருந்து பிறக்கின்றது. புற்றுநோய் பற்றிய செய்தியொன்று மேசைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டுத் தலைப்பு இடலாம். ஆய்வு நடந்தது ஆய்வுகூடத்திலா, விலங்கிலா, மனிதரிலா? மனிதராயின் எத்தனை பேர், எவ்வளவு காலம்? எந்தப் புற்றுநோய்? ஏனெனில் புற்றுநோய் என்பது ஒரு நோயல்ல. நூற்றுக்கு மேற்பட்ட நோய்களுக்கு நாம் இட்ட ஒரே பெயர். இந்த மூன்றுக்குமான விடை செய்தியின் முதல் இரு பந்திகளில் இருந்தால், மறுநாள் காலையில் தொலைபேசியில் அழைக்கும் மனைவிக்கோ மகனுக்கோ வீண் நம்பிக்கை ஊட்டிய பழி பத்திரிகைக்கு வராது. அதேவேளை, அவர்கள் நம்பிக்கை இழக்கவும் தேவையில்லை. மருந்து பலனற்றுப் போனபோது அது ஏன் அவ்வாறு போனது என்று கண்டறிந்து மாற்று வழி தேடக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மையான செய்தியே. வைத்தியர் முதல் மருந்து சரிவரவில்லை என்று கூறும் நாளில், அடுத்த மருந்தொன்று இருப்பதற்குக் காரணம் அவர்களே. அவர்களுக்கு வேண்டியது பொறுமையோடு வழங்கப்படும் நிதி. அதை வழங்குமாறு அரசாங்கங்களைக் கேட்கும் உரிமையும் பொறுப்பும் வரி செலுத்தும் எல்லோருக்கும் உண்டு.